குழந்தை உட்காரும் இடத்தைப் பார்த்துக் கயாக் வாங்குங்கள்

ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு மீன்பிடிக்கச் செல்ல வேண்டும் என்பதற்காகவே நான் வாங்கிய முதல் கயாக் (துடுப்பால் ஓட்டும் குறுகலான சிறு படகு), ஒரு பருவம் முடிவதற்குள் பாதி விலைக்குக் கைமாறிப் போயிற்று. அது கவிழ்ந்த நாளில் நல்ல தூண்டில் கம்பு ஒன்றும் அதில் பூட்டியிருந்த, நூல் சுற்றும் ரீலும், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தூண்டில் பெட்டியும் தண்ணீரோடு போயின. பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. தண்ணீரைக் கண்டாலே ஓடி வந்த குழந்தை, அதற்குப் பிறகு பல மாதங்கள் கணுக்கால் அளவு நீரில்கூட இறங்க மறுத்தாள். மீன்பிடிக் கயாக்குகளைப் பற்றி எழுதுபவர்கள் தூண்டில் தாங்கிகளைப் பற்றியும், மீன் காட்டும் கருவியைப் பொருத்தும் இடத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்கிறார்கள். ஒரு சிறு குழந்தை அந்தப் படகில் எங்கே உட்காரும், எட்டிப் பார்த்தால் என்ன ஆகும், விழுந்தால் எப்படித் திரும்ப ஏறும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது, மேல்தளத்தில் அமர்ந்து ஓட்டும் ஒற்றை இருக்கைக் கயாக். நீளம் ஏறத்தாழ 3.5 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர், 160 கிலோ தாங்கும் என்று விவரக்குறிப்பில் இருந்தது. ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் பெட்டிகள் வைப்பதற்கென்று அகலமான பள்ளம் ஒன்று உண்டு. சிறு குழந்தை என்றால் அதில் தாராளமாக உட்காரலாம் என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். கணக்கும் சரியாகவே தெரிந்தது. என் எடை 78 கிலோ, மகளின் எடை 18 கிலோ, பெட்டி, நங்கூரம், குடிநீர், தூண்டில்கள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ என்று வைத்தாலும் 116 கிலோதான் வருகிறது. இன்னும் 44 கிலோவுக்கு இடமிருக்கிறதே என்று நிம்மதியாகவே வாங்கி வந்தேன்.

அந்த 160 என்ற எண், படகு இன்னும் மிதந்துகொண்டிருக்கும் என்பதற்கான மேல் எல்லையேயன்றி, அது நிலையாக நின்று நன்றாக ஓடும் என்பதற்கான உறுதிமொழி அன்று. அதைக் கணக்கிடும் முறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சிலர் இருக்கையின் எடையையும் அந்தச் சுமைக்குள்ளேயே சேர்க்கிறார்கள். நீண்ட காலம் கயாக் ஓட்டியவர்கள், குறிப்பிட்ட சுமையில் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். அந்தக் கணக்கில் என் படகின் பயன்படத்தக்க சுமை 112 கிலோதான். நாங்கள் ஏறி உட்கார்ந்தபோதே அதைக் கடந்துவிட்டோம். இதைவிட முக்கியமானது, அந்த எண் எடையின் அளவை மட்டுமே பேசுகிறது, எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பேசுவதில்லை. நடுவில் அமர்ந்த ஒருவரைச் சுமக்க வடிவமைத்த படகின் பின்முனையில் 18 கிலோ உயிருள்ள எடை ஏறும்போது, படகின் நடத்தையே மாறிவிடுகிறது. பெட்டி அசையாமல் இருக்கும், குழந்தை அப்படி இருக்காது.

முதல் நாளிலேயே பின்முனை தாழ்ந்து முன்முனை தூக்கிக்கொண்டு நின்றது. மேலமர்ந்து ஓட்டும் கயாக்குகளில் தளத்தை ஊடுருவி அடிவரை செல்லும் வடிதுளைகள் இருக்கும். அலை அடித்து உள்ளே விழும் நீர் அவற்றின் வழியே தானாக வெளியேறும். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை மட்டுமே இந்த ஏற்பாடு வேலை செய்யும். தளம் தாழ்ந்துவிட்டால் அதே துளைகள் வழியே நீர் மேலே ஏறி வரும். மகள் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் அதுதான் நடந்தது. அரை மணி நேரத்துக்கும் மேலாக அவள் குளிர்ந்த நீரில் அமர்ந்திருந்ததை, எனக்குப் பின்னால் இருந்ததால், அவள் அழத் தொடங்கும்வரை நான் அறியவில்லை. துளைகளை ரப்பர் அடைப்பான்களால் அடைக்கச் சொன்னார்கள். அடைத்தால் கீழிருந்து நீர் ஏறாது என்பது உண்மை, ஆனால் துடுப்பிலிருந்து சொட்டும் நீரும் பக்கவாட்டில் தெறிக்கும் நீரும் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். அதற்காகத் தடித்த நுரைப் பலகை ஒன்றை வெட்டி வைத்து அவளை உயர்த்தி உட்கார வைத்தேன். அவள் உயர்ந்ததும் படகின் எடை மையமும் உயர்ந்தது. உயரமான இருக்கை வசதியானது, நன்றாகப் பார்க்க முடிகிறது என்று எல்லோரும் விரும்புகிறார்கள்; ஆனால் இருக்கை ஒரு கையகலம் உயர்ந்தாலும் பக்கவாட்டு ஆட்டம் எவ்வளவு கூடுகிறது என்பதைத் தண்ணீரில்தான் உணர முடியும்.

கவிழ்ந்த நாளில் காற்றோ அலையோ இல்லை. என் தூண்டிலில் ஒரு மீன் மாட்டி, வலப்பக்கமாகச் சாய்ந்து அதை வலையில் ஏந்தப் போனேன். மீனைப் பார்க்கும் ஆவலில் மகளும் அதே பக்கம் எட்டிச் சாய்ந்தாள். இரண்டு எடைகளும் ஒரே பக்கம் சேர்ந்தபோது, என்ன நடக்கிறது என்று உணர்வதற்கு முன்பே இருவரும் தண்ணீரில் இருந்தோம். நான் மேலே வந்தபோது படகு தலைகீழாகக் கிடந்தது, மகளைக் காணவில்லை. அவள் படகின் மறுபக்கம் இருந்தாள். சுற்றி நீந்தி அவளை எட்டிப் பிடிக்க ஆன நேரம் மிகக் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதை இன்றும் என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அவள் அணிந்திருந்த உயிர்காப்பு அங்கி மேலேறி, காதுகளையும் வாயையும் மூடிக்கொண்டு, முகத்தின் பாதியை மறைத்திருந்தது. மூச்சு விட முடிந்தது, ஆனால் கத்த முடியவில்லை. கால் எட்டாத ஆழம். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படகைத் திருப்ப முயன்றேன். 35 கிலோ எடையும் அவ்வளவு அகலமும் கொண்ட படகை ஒற்றைக் கையால் தண்ணீரிலிருந்தபடி புரட்ட இயலாது. இறுதியில் கவிழ்ந்த படகின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அவளை அதன் முதுகில் கவிழ்த்துப் படுக்க வைத்து, காலால் உதைத்து உதைத்தே கரை சேர்ந்தோம்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எந்தக் கயாக்கை வாங்குவது என்ற கேள்வியைவிட இது முந்தியது. குழந்தைக்கான அங்கியை வயதைப் பார்த்து வாங்கக் கூடாது, எடையைப் பார்த்து வாங்க வேண்டும். எந்த எடை வரம்புக்கு உரியது என்பது அங்கியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வளர்ந்தாலும் உதவுமே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது ஆபத்தானது. கால்களுக்கிடையே வந்து பூட்டும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். மகளின் அங்கி மேலேறியதற்கு அது இல்லாததே காரணம். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மிதவைக் கழுத்துப்பட்டி இருந்தால் இன்னும் நல்லது. உயிர்காப்பு அங்கிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402-இன்படி குறியிட்டவற்றில் 50 என்ற வகை, நீந்தத் தெரிந்தவர் உதவி அருகில் இருக்கும்போது அணிவதற்கானது. நீந்தத் தெரியாத குழந்தைக்கு அது போதாது. 100 என்ற வகை, அமைதியான நீரில் அணிந்தவரை முகம் மேலே இருக்கும்படி திருப்பி வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. குழந்தைக்கு அதையே தேடுங்கள். எல்லாப் பூட்டுகளையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்துக் குழந்தையை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி மோவாயைத் தாண்டி எழும்பினால் அது அந்தக் குழந்தைக்கு உரியதன்று. பிறகு இடுப்பளவு நீரில் மிதக்கவிட்டுப் பழக்குங்கள். அங்கி தன்னைத் தாங்குகிறது என்று உடலால் அறிந்த குழந்தை, விழுந்தால் பதறுவது குறைவு. எந்த நிலையிலும் குழந்தையைப் படகோடு கட்டவோ, இருக்கையில் வாரால் பிணைக்கவோ கூடாது; கவிழ்ந்த படகின் அடியில் குழந்தை சிக்கிக்கொள்ள அது ஒன்றே போதும்.

படகை விற்ற பிறகு உடனே இன்னொன்றை வாங்க மனம் வரவில்லை. வாடகைக்குக் கிடைத்த பலவகைக் கயாக்குகளை, முதலில் நான் மட்டும், பிறகு மகள் இசைந்தபோது அவளோடும் ஓட்டிப் பார்த்தேன். அதற்குச் செலவான வாடகை, முதல் படகில் இழந்த தொகையில் சிறு பங்குதான். கவிழ்வதற்குப் பிறகு செய்தவற்றில் எனக்கு முழு நிறைவு தந்தது இதுவே, ஆகவே எவரும் இதை முதலில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே கால் நீட்டி அமரும் கயாக்குகளில் குழந்தை தாழ்வாகவும் நனையாமலும் அமர்கிறது. தாழ்வாக அமர்வதால் ஆட்டமும் குறைவு. ஆனால் கவிழ்ந்தால் உட்புறம் முழுவதும் நீர் நிரம்பிவிடும். நீரை இறைக்காமல் திரும்ப ஏற முடியாது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நடுநீரில் அதைச் செய்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் மட்டும் ஓட்டுவதானால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். காற்றடைத்த கயாக்குகளைப் பற்றி எனக்கிருந்த இளக்காரம், ஓட்டிப் பார்த்ததும் மறைந்தது. அகலமானவை, பக்கச் சுவர் குழந்தைக்கு மெத்தென்ற தடுப்பாக நிற்கிறது, தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால் ஒன்று பொத்துப்போனாலும் மற்றவை தாங்கும். குறை என்னவென்றால், எடை குறைவாகவும் நீருக்கு மேலே உயர்ந்தும் இருப்பதால் காற்று அதை விரும்பிய திசையில் இழுத்துச் செல்கிறது. மீனின் துடுப்பு முள்ளும் கத்தியும் எப்போதும் கவனத்தில் இருக்க வேண்டும். பயணம் முடிந்ததும் முழுவதும் உலர்த்தாமல் மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். காலால் மிதித்து ஓட்டும் கயாக்குகள் தூண்டில்காரர்களுக்குப் பெரிய வரம், இரண்டு கைகளும் விடுதலையாகின்றன. ஆனால் ஒற்றை இருக்கை வகைகளில் மிதிகள் இருக்கும் இடம்தான் குழந்தை உட்கார வேண்டிய இடம். மிதிகளுக்கிடையே குழந்தையின் விரல்கள் போவதைத் தடுக்கவும் முடியாது. எடையும் பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டும். குழந்தை வளரும்வரை அவற்றை நான் தொடப்போவதில்லை.

நான் இறுதியாகத் தேர்ந்தெடுத்தது, இருவருக்கான மேலமரும் கயாக்குகளில் ஒரு குறிப்பிட்ட வகையை. முன், நடு, பின் என்று மூன்று அமரும் இடங்கள் தளத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். கழற்றி மாட்டும் முதுகுச் சாய்வை வேண்டிய இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். நீளம் 3.7 மீட்டர் அளவில், அகலம் 85 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், சுமை 200 கிலோவுக்கு மேல். நடு இருக்கைதான் இதன் உயிர். வழக்கமான இருவர் கயாக்கில் பெரியவர் பின்னாலும் குழந்தை முன்னாலும் அமர்ந்தால், எடை வேறுபாட்டால் முன்முனை எழும்பி நிற்கும். எழும்பிய முனையில் காற்று மோதி, படகை நேராகச் செலுத்தவே விடாது. பெரியவர் நடுவிலும் குழந்தை முன்னாலும் அமர்ந்தால் படகு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. அதைவிட, குழந்தை என் கண்ணுக்கு முன்னால், கை நீட்டினால் அங்கியின் தோள்பட்டையைப் பிடிக்கும் தொலைவில் இருக்கிறது. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதைப் பார்த்தே நான் மறுபக்கம் எடையை மாற்றிக்கொள்ள முடிகிறது. நான் தனியே மீன்பிடிக்கச் செல்லும் நாள்களில் அதே நடு இருக்கையில் அமர்ந்து ஒற்றைக் கயாக்காகவும் ஓட்டுகிறேன். மீன்பிடிக்கென்றே செய்யப்பட்ட படகு அன்று அது; தூண்டில் தாங்கிகளை நானே பின்னர்ப் பொருத்தினேன். தாங்கியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், குழந்தைக்கான இடத்தை அப்படிச் சேர்க்க முடியாது.

அகலத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தட்டையான அடிப்பகுதி கொண்ட அகலமான படகு, ஏறி உட்கார்ந்ததும் பாறை மேல் இருப்பதுபோல் அசையாது. கடையில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் அது எச்சரிக்காமல் சட்டென்று புரளும். அடிப்பகுதியின் ஓரங்கள் வளைந்து எழும் படகு தொடக்கத்தில் சற்று ஆடும், சாயச்சாயத் தாங்கிப் பிடிக்கும். குழந்தையோடு செல்பவருக்கு இரண்டும் ஓரளவு வேண்டும். அதைக் கண்டறிய, ஆழமற்ற நீரில் வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்துக் கவிழும் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அகலம் கூடினால் துடுப்பும் நீள வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டிய படகுக்கு 240 சென்டிமீட்டர் அளவுள்ள துடுப்பாவது தேவை, இல்லையேல் விரல் முட்டிகள் ஒவ்வொரு வீச்சுக்கும் படகின் ஓரத்தில் இடிக்கும்.

கவிழ்வதையும் திரும்ப ஏறுவதையும் கரையருகே, மார்பளவு நீரில், வெயில் காயும் நாளில் பழகினோம். முதலில் நான் மட்டும் பழகினேன், குழந்தை கரையில் இன்னொரு பெரியவரோடு நின்றாள். அடிப்பகுதியின் குறுக்கே கை நீட்டி எதிர்ப்பக்க ஓரத்தையோ, அதில் கட்டிய கயிற்றையோ பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் படகு நிமிரும். அந்தக் கயிறு இல்லாமல் என்னால் முடியவில்லை, ஆகவே இரு பக்கமும் குட்டையாக ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். நிமிர்ந்ததும் குழந்தையை முதலில் படகின் நடுவே அவள் வயிறு படியும்படி தள்ளி ஏற்றுகிறேன். அவள் தாழ்ந்து படுத்துக்கொள்கிறாள். நான் பின்முனை வழியாக ஏறுகிறேன், பக்கவாட்டில் ஏறினால் அவளோடு சேர்த்துப் படகு மறுபடி புரளும். மகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொண்டாள், தண்ணீர் மீதான அச்சம் அவளைவிட்டு நீங்கத் தொடங்கியதும் இந்தப் பழக்கத்தின்போதுதான். வாங்க நினைக்கும் கயாக்கில் உங்களால் இதைச் செய்ய முடியவில்லை என்றால், அது எவ்வளவு நல்ல மீன்பிடிப் படகாக இருந்தாலும் உங்களுக்கு உரியதன்று.

தூண்டிலின் பக்கம் வருகிறேன். குழந்தை பின்னால் இருக்கும்போது, தூண்டிலை வீசுவதற்காகக் கம்பைப் பின்னோக்கிக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் முள் அதன் முகத்துக்கு நேராகப் போகிறது. முதல் படகில் முள் அவளைக் குத்தாமல் போனது தற்செயல்தான். முன்னால் இருக்கும்போது அவள் தலைக்கு மேலாக வீசாமல் பக்கவாட்டில் மட்டும் வீசுகிறேன், அவள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகே வீசுகிறேன். மூன்று முனை முட்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒற்றை முட்களாக மாற்றினேன். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்புறம் நீட்டியிருக்கும் சிறு கொடுக்கை இடுக்கியால் நசுக்கிவிட்டால், யார் விரலில் குத்தினாலும் எளிதாக வெளியே வரும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி இருவர் கண்ணிலும் எப்போதும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே தூண்டில் மட்டுமே நீரில் இருக்கும். அவளுக்கென்று 1.2 மீட்டர் கம்பும், பொத்தானை அழுத்தி விடும் மூடிய ரீலும், மிதவையும் போதுமானவை. நங்கூரத்தைக் குழந்தையோடு செல்லும்போது நான் எடுத்துச் செல்வதே இல்லை. ஓட்டமுள்ள நீரில் பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் படகை இழுத்துக் கவிழ்த்துவிடும், கயிறு குழந்தையின் காலில் சுற்றவும் கூடும்.

நீரின் குளிர்ச்சியைக் காற்றின் வெப்பத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாகத் திணறும். உடல் எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதியாக இருப்பதால், குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவாக உடல் வெப்பத்தை இழக்கிறார்கள். அதனால் நீருக்கேற்ற உடையும், நீர் புகாப் பையில் மாற்றுடையும் வேண்டும். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிவரும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை இழுத்துக்கொண்டு நீந்தி எட்டக்கூடிய தொலைவுக்கு மேல் கரையை விட்டு நான் விலகுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறு குழந்தையால் ஓரிடத்தில் உட்கார இயலாது, மீன் கடிக்கத் தொடங்கியிருந்தாலும் அப்போது கரைக்குத் திரும்பிவிட வேண்டும். இது எனக்குக் கடினமாகவே இருந்தது.

படகின் எடையைக் குழந்தையை மனத்தில் வைத்துப் பாருங்கள். 30 கிலோவுக்கு மேற்பட்ட படகை வண்டியின் கூரையில் ஒற்றை ஆளாக ஏற்றி இறக்கும் நேரம் முழுவதும் குழந்தை நீர்க்கரையில் தனியே நிற்கிறது. சக்கரத் தள்ளுவண்டி ஒன்று அதைப் பெருமளவு தீர்க்கும், ஆனால் வடிதுளைகளுக்குள் செருகும் வகை வேண்டாம். எடை முழுவதும் துளைகளின் ஓரத்தில் விழுந்து அங்கே விரிசல் காணும், பட்டையால் அடியில் கட்டும் வகையே நல்லது. பயன்படுத்திய படகை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தத் துளைகளின் ஓரங்களைத்தான், அடுத்து இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்முனையின் அடிப்பகுதியை. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உடலில் மேலோட்டமான கீறல்கள் பொருட்டல்ல. அதில் பசை எளிதில் ஒட்டாது என்பதால் விரிசலைச் சீர்செய்வதுதான் கடினம். பார்க்கப் போகும்போது குழந்தையையும், அவள் அணியப்போகும் அங்கியையும் உடன் கொண்டுபோய், அவளை முன்னிருக்கையில் உட்கார வைத்து, இரு பக்கமும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீரில் இறக்கிப் பார்க்க விற்பவர் இசையாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிட்டு வாருங்கள்.